மலைமேல் பைண்டிங் கைவிட்டால்: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் ஓடும் கோண்டோலாவின் (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் வண்டி) இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஆளை இறக்கிவிடுகிறது. ஊர் இருப்பதோ ஏறக்குறைய 2,650 மீட்டரில். மீட்புக் குழு கண்காணிக்கும் சரிவை விட்டு ஒதுங்கிவிட்டால் வழியில் கடை கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு இணைக்கும் பைண்டிங் அங்கே கோளாறு செய்தால், உடைந்த உறுப்பைவிட அதற்கடுத்த பத்து நிமிட அவசரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பைண்டிங் தகராறு செய்த இடத்திலேயே உட்கார்ந்து காலை விடுவிப்பது முதல் தவறு. தலைக்கு மேலே பனி சரியக்கூடிய சரிவு இருந்தால், ஒற்றைக் காலில் சறுக்கியாவது பக்கத்து மேட்டுக்கோ அடர்ந்த மரங்களுக்கோ நகர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு பூட்ஸால் மிதித்துச் சமமான தளம் ஒன்றை அமைத்துக்கொண்டு, பலகையைக் கழற்றிய கையோடு பனியில் ஆழமாகக் குத்தி நிறுத்த வேண்டும். மலையேற்றத்துக்கான எடை குறைந்த பைண்டிங்குகள் பலவற்றில் பிரேக் இருக்காது. கை நழுவிய பலகை பள்ளத்தாக்கில்தான் போய் நிற்கும்.

அடுத்தது, உடையாததை உடைந்துவிட்டதாக நினைப்பது. ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980களில் உருவாக்கிய முளை வகை பைண்டிங்தான் இன்று மலையேறிச் சறுக்குபவர்களிடம் பரவலாக இருக்கிறது. அதன் முன்பிடியில் உள்ள இரண்டு எஃகு முளைகள், பூட்ஸ் நுனியின் இரு பக்கக் குழிகளுக்குள் போய் அமரும். முன்பிடியின் அடியில், ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் பனி சேர்ந்து, மிதிபட்டு, கல்லாக இறுகிவிட்டால் முளைகளைத் தாங்கும் பிடியின் கைகள் முழுதாக மூடாது. மேலிருந்து பார்த்தால் மூடியதுபோலவே தெரியும். மூன்றாவது திருப்பத்தில் கழன்றுவிடும். ஊன்றுகோல் முனையாலோ சிறு குச்சியாலோ அந்த இடத்தைச் சுரண்டுங்கள். பூட்ஸ் குழிகளையும் குடைந்துவிடுங்கள். பிறகு நுனியை மட்டும் மாட்டி, குதிகாலைத் தூக்கி இறக்கிச் சில முறை ஆட்டினால் குழிக்குள் மிஞ்சிய பனியை முளைகளே அரைத்துத் தள்ளிவிடும். பூட்டும் நெம்புகோல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை என்றால் இன்னும் பனி இருக்கிறது என்று பொருள். பிளாஸ்கில் இருக்கும் சூடான கஹ்வாவை (காஷ்மீர் தேநீர்) ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள்: நீர் உள்ளே இறங்கி மறுபடி உறையும், கஹ்வாவும் வீண்.

அடிக்கடி கழல்கிறதே என்று முன்பிடியைப் பூட்டிக்கொண்டே இறங்குவதும், விடுவிப்பு எண்ணை (எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்ஸை விட வேண்டும் என்ற அளவு) திருகி ஏற்றுவதும் இருப்பதிலேயே மோசமான தவறுகள். அந்த எண் உடல் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு குறிக்கப்படுவது. பிடிப்பதைப் போலவே, விழும்போது விடுவதும் பைண்டிங்கின் வேலை. அது விட மறுத்தால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்கும் காலெலும்புக்கும் போகும்.

கருவி விஷயத்தில் ஒரு சிறிய தவறு பெரிய தொல்லை தரும். பெரும்பாலான பைண்டிங் திருகாணிகளின் தலை போஸிடிரைவ் 3 வகை. வீட்டில் கிடக்கும் ஃபிலிப்ஸ் திருப்புளி பொருந்துவதுபோலக் காட்டி, நழுவி, தலையைத் தின்றுவிடும். வேலை தொடங்குமுன் அடியில் ஜாக்கெட்டை விரித்துக்கொள்ளுங்கள். பனியில் விழுந்த திருகாணி விழுந்ததுதான். ஓட்டை தளர்ந்திருந்தால் எஃகுக் கம்பளியையோ தீக்குச்சித் துண்டுகளையோ திணித்துக் கையால் முறுக்கலாம். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். எபாக்ஸி பசை அந்தக் குளிரில் இறுக வெகுநேரம் எடுக்கும். ஒட்டு நாடா ஈரப் பரப்பில் ஒட்டாது, பிளாஸ்டிக் இழுகட்டுகள் குளிரில் முறியும். பையில் இடமில்லை என்றாலும் நீளமான ரப்பர் பட்டைகள் இரண்டை விட்டுவிடாதீர்கள்.

பின்பிடி பிய்ந்துபோனால் அந்தப் பட்டைகள்தான் கதி. முன்பிடியைப் பூட்டி, பூட்ஸையும் பலகையையும் சேர்த்து இறுக்கிக் கட்டலாம். இப்போது அந்தக் கால் விழுந்தாலும் விடுபடாது. ஆகவே வேகமான திருப்பங்களை மறந்துவிட்டு, பக்கவாட்டில் வழுக்கியும் குறுக்கே நகர்ந்தும் நின்று திரும்பியும்தான் இறங்க வேண்டும். கட்டு நன்றாக நிற்கிறது என்ற தைரியத்தில் பழைய வேகத்துக்குப் போகிறவர்கள், முன்பிடியைப் பூட்டி இறங்கியவரின் ஆபத்தையே விலைக்கு வாங்குகிறார்கள். முன்பிடியே பெயர்ந்துவிட்டால் கட்டுப்போட்டுச் சமாளிப்பது அநேகமாக நடக்காது. அதற்காக இரண்டு பலகைகளையும் கழற்றிவிட்டு நடக்கத் துணியவும் வேண்டாம். புதுப்பனியில் தொடைவரை புதைந்து புதைந்து நடப்பவருக்கு அரை கிலோமீட்டர்கூட அரை நாள் வேலை. நல்ல பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, துணைக்கு வருபவரை அருகிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

உதவி கேட்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. டிசம்பரில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் வெயில் போய்விடும். வெளிச்சம் இருக்கும்போதே அழையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்போ உள்ளூர் சிம்மோ வேண்டும். போனை உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்தால்தான் குளிரில் பேட்டரி தாங்கும்.

ஊருக்கு வந்ததும், கட்டுப்போட்ட பலகையை மறுநாளும் மாட்டிக்கொண்டு கிளம்பாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வாடகைப் பலகை என்றால், பூட்ஸின் பக்கவாட்டில் குதிகாலை ஒட்டி மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் அடி நீளத்தை அவரிடம் காட்டி, பைண்டிங் அதற்கேற்ப வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். முதல் நாள் காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.