பசை டின்னில் பெட்ரோல் ஊற்றும் முன்

தோல் வேலையில் ஒட்டு விட்டுப்போனால் பழி உடனே பசை மேல்தான் விழும். "இப்பல்லாம் சரக்கே சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த டின் வாங்கப் போய்விடுவோம். பாதி நேரம் சரக்கில் குற்றமே இருக்காது. அதில் எதை ஊற்றிக் கலக்கினோம், எப்படி மூடி வைத்தோம் என்பதில்தான் இருக்கும்.

பசை இறுகிவிட்டால் கைக்குக் கிடைத்ததை ஊற்றி இளக்குவதுதான் பெரிய தவறு. முக்கியமாக பெட்ரோல். சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷன் இயற்கை ரப்பர். அது பெட்ரோலில் கரையும். அதைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும். தோலுக்கும் செருப்புக்கும் நாம் வாங்கும் ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்றவை செயற்கை ரப்பர் பசை. இந்த வகையில் பெரும்பாலும் இருப்பது நியோப்ரீன். அது கரைய டொலுயீன் போன்ற கரைப்பான் வேண்டும், பெட்ரோல் மட்டும் போதாது. போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. ஆல்கஹால் பட்டால் இந்த ரப்பர் கரையாமல், கெட்ட பால் மாதிரி திரிந்துபோகும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் வேறு வகையில் கெடுக்கும்: சீக்கிரம் ஆவியாகாமல் பசைக்குள்ளேயே தங்கி, காய்ந்த மாதிரி காட்டி, சுத்தியலால் தட்டியதும் வழுக்கும்.

பெயின்ட் கடையில் கேட்டு வாங்கும் என்சி தின்னர் என்ற இளக்கும் திரவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதன் கலவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் ஆல்கஹாலும் இருக்கும். பசை தயாரிக்கும் கம்பெனியே சொல்லும் தின்னர்தான் நல்லது. அது கிடைக்கவில்லையா, டின்னில் நேரடியாக ஊற்றாமல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு கரண்டி பசையோடு கலந்து, மூடி, கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். குச்சியைத் தூக்கினால் நூல் அறாமல் இழுபட்டு விழ வேண்டும். திப்பி திப்பியாக விழுந்தால் அந்தத் தின்னர் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். போனது ஒரு கரண்டிதான்.

சரியான தின்னர் என்றாலும் அவசரம் ஆகாது. ஒரு மூடி அளவு ஊற்றிக் கலக்கி, டின்னை மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் இன்னொரு மூடி. உடனே இளகவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றினால் மறுநாள் தண்ணீராக நிற்கும். தண்ணீரான பசையைத் தோலின் சதைப்பக்கம் அப்படியே குடித்துவிடும். ஒட்டுவதற்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. இளக்கிய பசைக்கு ஒரு நல்ல இடம் உண்டு, அது முதல் பூச்சு. அதைத் தோல் உறிஞ்சிக் காய்ந்த பிறகு, மேலே கெட்டியான பசையை இரண்டாவது பூச்சாகக் கொடுத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் பல நாள் திறந்து கிடந்து உள்ளேயே கட்டியாகிப்போன பசை எந்தத் தின்னருக்கும் திரும்பாது. அதைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் காற்றே ஈரமாக இருக்கும்போது, பூசிய பசை மேல் வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி ஒரு படலம் வரும். தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் அதன் மேல் இறங்குகிறது. பசை கெட்டியாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து இன்னும் தின்னர் ஊற்றுகிறார்கள். அதனால் படலம் கூடத்தான் செய்யும். அசிட்டோன் மாதிரி சட்டென்று பறக்கும் சரக்கு என்றால் இன்னும் மோசம். மெல்லிசாகப் பூசி, ஈரம் முழுக்கப் போகும்வரை காத்திருந்து, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டாமல் இருந்தால் மட்டும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டுங்கள். மழை விடாத நாளில் ஒட்டு வேலையைத் தள்ளிப்போட்டு வெட்டு வேலையைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வைக்கும் விதத்தில் முதல் எதிரி திறந்த வாய். வேலை நடக்கும் நேரம் முழுக்கப் பெரிய டின்னைத் திறந்தே வைத்திருப்பார்கள். அன்றைக்கு வேண்டியதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக்கொண்டு டின்னை உடனே மூடுங்கள். மிஞ்சியதைத் திரும்ப டின்னில் ஊற்ற வேண்டாம். விளிம்பில் வழிந்த பசையைத் துடைத்த பிறகு மூடினால்தான் மூடி உட்காரும். மூடியில் துரு பிடித்திருந்தால் கவனம். ஆவாரம்பட்டை மாதிரி தாவரப் பதனீட்டில் வந்த தோலில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். அது லேசில் போகாது. பசையோடு விழுந்த ஒரு துரும்புத் துருவே போதும்.

தகரக் கொட்டகைக்குக் கீழே சித்திரை வெயிலில் டின்னை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட டின்னை நிழலில் ஆறவிட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். அதற்காக ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்றால், கூடவே கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் சேரும் ஆவியைப் பற்றவைக்க ஒரு சின்னப் பொறி போதும். டொலுயீன் சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் மார்கழிக் குளிரே அதற்கு வெயில் மாதிரிதான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அந்தியில் பட்டறை ஓரத்தில் விளக்கேற்றுகிற, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வைக்கிற வீடுகளில் இதை மறக்கக் கூடாது.

மூச்சு விஷயமும் சின்னதல்ல. 1960களில் ஜப்பானில் செருப்பு செய்தவர்கள் பலருக்குக் கை, கால் நரம்புகள் தளர்ந்தன. காரணம் பசையில் இருந்த ஹெக்சேன் என்ற கரைப்பான். சன்னலைத் திறந்து வையுங்கள். மழைச் சாரலுக்குப் பயந்து எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு பசை பூசாதீர்கள்.

தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். கெட்டுப்போன பசையை வாய்க்காலில் கொட்டுவதும் வேண்டாம், அது எங்கேயோ ஒரு வயலுக்குத்தான் போகிறது. அடுப்பும் விளக்கும் பிள்ளைகளும் இல்லாத திறந்தவெளியில் மூடியைக் கழற்றி வைத்து, முழுக்கக் காய்ந்து கட்டியான பிறகு குப்பையில் போடுங்கள். காலி டின்னை நெருப்பில் எறிய வேண்டாம்.