டேஷ்போர்டு லைட் மினுக்குதா? டைனமோவைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்கள். டேஷ்போர்டோடு சேர்ந்து ஹெட்லைட்டும் மினுக்கினால் கோளாறு பேட்டரி, டைனமோ (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்), எர்த் (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் பட்டை) இந்த மூன்றுக்குள்தான். டேஷ்போர்டு மட்டும் மினுக்கினால் அதன் ஃப்யூஸ், டிம்மர், மீட்டருக்குப் பின்னால் வயர்களை இணைக்கும் கப்ளர் இவற்றை அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மி.மீ. ஸ்பேனர், வயர் பிரஷ், உப்புத்தாள், பெட்ரோலியம் ஜெல்லி. டெஸ்ட் லைட்டை நம்ப வேண்டாம். அரை வோல்ட் குறைந்தால் அதில் தெரியாது.

முதலில் பேட்டரி. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.4 முதல் 12.7 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து வைக்கும். ஹெட்லைட் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

அடுத்து பேட்டரி டெர்மினல். இன்ஜினை நிறுத்திவிட்டு நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றித் தேயுங்கள். மாட்டியபின் கையால் திருகினால் அசையக் கூடாது. ஜெல்லியை இறுக்கிய பிறகு மேலே தடவுங்கள்.

இனி எர்த். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இன்ஜினை நிறுத்திவிட்டு, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். எர்த் பட்டையில் நாலு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் கரண்ட் ஓடும்போது அது தாங்காது. அதனால் இன்ஜின் ஓடட்டும். ஹை பீம், புளோயர் எல்லாம் முழுதாகப் போடுங்கள். தோளில் துண்டோ துப்பட்டாவோ தொங்கக் கூடாது, பெல்ட் இழுத்துவிடும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பை இன்ஜினின் வெறும் உலோகத்தில் அழுத்துங்கள். பெயிண்ட் மேல் வைத்தால் சும்மா 0 காட்டி ஏமாற்றும். 0.1 வோல்ட்டுக்குள் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் பட்டையோ அதன் போல்ட்டோ கெட்டுவிட்டது. அடுத்து சிவப்பை பாடியில் எர்த் இறங்கும் இடத்தில் வைத்தும் அளந்து பாருங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இந்த போல்ட்டின் அடியில்தான் துரு பிடிக்கும். மேலே பளபளவென்றே இருக்கும். கழற்றி, தகரம் மின்னும் வரை உப்புத்தாள் போடுங்கள். பட்டை பச்சை பூத்திருந்தால் மாற்றுவதே மேல்.

எர்த் சரி, இன்னும் மினுக்குகிறது என்றால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 0.5-க்கு மேல் காட்டினால் டைனமோவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்கலாம். சில மலிவு மீட்டர்கள் 30 வோல்ட் வரை காட்டும்; அது மீட்டரின் குறை. இன்ஜின் ஓடாத பேட்டரியிலும் அப்படியே காட்டினால் வேறு மீட்டர் வாங்குங்கள்.

பிறகு சேர்த்தது: சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் எலிகள் பானெட்டுக்குள் ஏறிவிடும். மேடு பள்ளத்தில் மட்டும் மினுக்கினால் வயரிங் வளைவுகளை விரலால் தடவிப் பாருங்கள். கடிபட்ட வயரைச் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகிக் கழன்றுவிடும்.