கோதுமைக்கு நடுவே நடங்கள்: இங்கிலாந்துக் கிராம நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்று ஒரு சின்னக் கிராமம். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி ஆல்ட்டனில் இறங்கினால், அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். 18ஆம் நூற்றாண்டின் இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் ஒயிட் வாழ்ந்த ஊர். ஊருக்குப் பின்னால் ஏறத்தாழ 300 அடி எழும்பும் சுண்ணாம்புச் சரிவு முழுக்க பீச் மரங்கள். 1753இல் அவரும் தம்பி ஜானும் சேர்ந்து அதில் வெட்டிய வளைந்து வளைந்து ஏறும் பாதையில்தான் இன்றும் ஏறுகிறோம். எங்களோடு நடக்கப் புதிதாக வருகிறவர்களை நான் பெரும்பாலும் முதலில் இங்கேதான் அழைத்துவருவேன். காடு, வயல், மேய்ச்சல் நிலம் மூன்றும் ஒரே நாளில் கிடைத்துவிடும். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த தவறுகளும் அதே நாளில், அதே இடங்களில் மறுபடி நடக்கும்.

தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கோட்டு வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

பயிரை மிதிக்கக் கூடாது என்று ஓரமாகப் போவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல மனதோடு செய்கிற தவறு என்பதால் திருத்துவதும் கஷ்டம்.

வேலியைத் தாண்டும் மரப்படியில் ஏறி இறங்குகிறோம். எதிரே இடுப்பளவு பார்லியோ கோதுமையோ நிற்கிறது. பொதுப்பாதையைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறி நேராக அதற்குள்ளே காட்டுகிறது. நம் ஆட்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். போன வருடம் ஜூனில் வந்த ஓர் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். "பச்சைப் பயிருக்குள்ள காலை வைக்கச் சொல்றீங்களே தம்பி, பாவம் இல்லையா?" என்றார். பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தவர்களை அழைத்துவர நான் திரும்பிப் போன நேரத்தில், குடும்பத்தோடு வயலோரமாகக் கிளம்பிவிட்டார்.

நம் ஊரில் வரப்பு இருக்கிறது, அதில் நடக்கலாம். இங்கே வரப்பு கிடையாது. வயலுக்குக் குறுக்கே போகும் அந்தக் கோடுதான் வழி. அது விவசாயி பெரிய மனதோடு விட்டுக்கொடுத்த வழி அல்ல, சட்டப்படி பொதுச்சாலைக்குச் சமம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) இந்தப் பாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கிறது. குறுக்குப்பாதையை விதைப்புக்காக உழுதால், 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையை மறுபடி நடக்கத் தகுந்ததாக ஆக்கித் தர வேண்டும். அதற்குமேல் பயிர் அந்த அகலத்துக்குள் வளர்ந்து வழிமறிக்கக் கூடாது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. அதனால் பல விவசாயிகள் வசந்தகாலத்திலேயே அந்தக் கோட்டில் மட்டும் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். அன்றைக்கும் அப்படித்தான், பார்லிக்கு நடுவே வெறும் மண்ணாக ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. நாம் மிதிக்கப் பயிரே அங்கே இல்லை.

ஓரத்தில்தான் உயிர் இருக்கிறது. உயிர்வேலியின் அடியில் சாம்பல் கௌதாரி முட்டையிடும். பல பண்ணைகளில் தேனீக்களுக்காகவும் பறவைகளுக்காகவும் ஓரப்பட்டையில் காட்டுப்பூக்களை விதைத்திருப்பார்கள். பயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் அதைத்தான் மிதிக்கிறோம். பாதை ஒழுங்காக விடப்பட்டிருக்கும்போது, பொதுப்பாதை இல்லாத ஓரத்தில் நடக்க நமக்கு உரிமையும் கிடையாது.

அண்ணன் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? வயலைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனால் பிளாக்தார்ன் முள்வேலி, எங்கும் இடைவெளி இல்லை. இடைவெளி எப்போதும் கோடு போய் முடிகிற இடத்தில்தான் இருக்கும். முழங்கால் உயரத்துக்கு நெட்டில் செடி, காஞ்சொறி பட்டது போல் எரியும். பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். மூலையில் ஒரு கேட்டைத் திறந்து இன்னொரு நிலத்துக்குள் போய், கடைசியில் ஒரு பள்ளச்சாலையில் இறங்கியிருக்கிறார்கள். இந்தப் பகுதியின் பழைய சாலைகள் வண்டியும் மழைநீரும் நூற்றாண்டுகளாக அறுத்ததில் ஆழமாக இறங்கிப்போனவை. சில இடங்களில் வயல் மட்டத்துக்கு 16, 18 அடி கீழே இருப்பதாக ஒயிட் அன்றே எழுதியிருக்கிறார். இருபுறமும் மண்சுவர். கார் வந்தால் ஒதுங்க இடமில்லை. அதற்குள் சின்னப் பிள்ளைகளோடு நடந்து வந்தார்கள். பேருந்தும் போய்விட்டது. பேருந்து போனதில் எனக்குக் கோபமில்லை. அந்தச் சாலையை நினைத்தால்தான் இன்றும் கோபம் வருகிறது. அத்தனையும் ஒரு மீட்டர் அகலக் கோட்டில் நேரே நடந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சரி, கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால்? மரப்படி மேலேயே நின்று பாருங்கள். அம்புக்குறி சும்மா அலங்காரத்துக்கு அடித்தது அல்ல, அது காட்டுகிற திசைதான் திசை. அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் (செல்போர்னுக்கு ஓஎல் 33) வயல் எல்லைகள் எல்லாம் போட்டிருக்கும். எதிர்வேலியின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி கோடு முடிகிறது என்று பார்த்து, அங்கே ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறிவைத்து நடங்கள். வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக. பாதையை விவசாயி திருத்தித் தரவே இல்லை என்றாலும் அந்தக் கோட்டில் பயிருக்குள் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு வந்ததும் கவுண்டி கவுன்சிலுக்கு எழுதிப்போடுங்கள்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. பயிருக்கு நடுவே இரட்டைக் கோடுகள் சீரான இடைவெளியில் ஓடும். அவை டிராக்டர் மருந்தடிக்கப் போகும் சக்கரத்தடங்கள். பார்க்க அழகான பாதை மாதிரியே இருக்கும், வயலின் மறுகோடியில் சும்மா திரும்பிக்கொள்ளும். இரட்டையாக இருந்தால் டிராக்டர். ஒற்றையாக இருந்தால் நம் வழி.

கறுப்புக் கோட்டை நம்புவது

அதே வரைபடத்தில் விட்டுவிட்டு வரும் பச்சைத் துண்டுக்கோடுதான் பொதுப்பாதை. குட்டைத் துண்டுகள் நடப்பவர்களுக்கு, நீளத் துண்டுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கறுப்புத் துண்டுக்கோடு, தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். நடக்கலாம் என்று சொல்லவில்லை. போன் செயலிகள் பலவற்றில் இந்த வேறுபாடே தெரியாது. எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். காகித வரைபடம் ஒன்றைப் பையில் வையுங்கள்.

ஸ்காட்லாந்து அனுபவத்தை இங்கே கொண்டுவருவது

அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பாதை இல்லாத பெரும்பாலான நிலத்திலும் நடக்கலாம். இங்கே அது செல்லாது.

மாட்டைத் தடவிக்கொடுக்கப் போவது

நமக்கு மாடு வீட்டுப் பிராணி. கழுத்தைச் சொறிந்துகொடுத்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும், பாலுக்காகக் கறக்காத மாடுகள் மனிதக் கை அதிகம் படாதவை. இந்த நாட்டில் நடப்பவர்கள் மாடு மிதித்து இறந்திருக்கிறார்கள், அதில் பலர் நாயோடு போனவர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். ஓடாதீர்கள். நாயைக் கயிற்றில் குறுக்கிப் பிடித்துக்கொண்டு அமைதியாகக் கடந்துவிடுங்கள். மாடு துரத்தி வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். அதன் குறி நாய்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். பயமாக இருந்தால் வேலி ஓரமாகச் சுற்றிப்போய், அந்தப் பக்கம் பாதையில் சேர்ந்துகொள்ளலாம். கோட்டை விட்டு விலகுங்கள் என்று நானே சொல்கிற இடம் இதுதான்.

சேற்றைச் சுற்றிப் போவது

நடுவில் நடங்கள். பூட்ஸ் அதற்குத்தான்.

புளூபெல்லுக்குள் இறங்கிப் படம் எடுப்பது

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை, பீச் மரங்கள் முழுதாக இலைவிட்டு வெளிச்சத்தை மறைப்பதற்குள், காட்டுத்தரை புளூபெல் பூக்களால் நீலமாகிவிடும். உலகத்தில் உள்ள புளூபெல்களில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான். பூவை மிதிக்காமல் பார்த்து நின்றேன் என்பார்கள். மிதிபட்டது இலை. இலை நசுங்கினால் கிழங்கு அடுத்த வருடத்துக்கு உணவு சேர்க்க முடியாது. விதையிலிருந்து ஒரு செடி பூக்க ஐந்து வருடமாவது ஆகும். பாதையில் நின்று குனிந்து எடுங்கள், படமும் நன்றாகவே வரும்.

வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்குவது

ஒயிட் சகோதரர்களின் பாதையில் இதைச் செய்கிறவர்களிடம் நான் சத்தம்போட்டே சொல்லிவிடுவேன். நனைந்த சுண்ணாம்பு வழுக்கும், மேலே பீச் சருகு வேறு மூடியிருக்கும். நீங்கள் இறங்கிய தடத்தில் அடுத்த மழை ஓடும்.

கேட்

திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

காட்டுப்பூண்டு பறிப்பது

அதே இடத்தில் அதே பருவத்தில் ஏரம் செடியின் இளம் இலையும் முளைக்கும். அது விஷம். கைநிறைய ஒரேயடியாகக் கிள்ளினால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

உண்ணியைப் பார்க்காமல் தூங்கிவிடுவது

வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை, புல்லிலும் பெரணியிலும் உரசி வந்த நாளில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீ வைப்பது எதுவும் வேண்டாம். பிறகு வரும் வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகத் தடிப்பு பரவினாலோ, காய்ச்சல் போல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் போய், உண்ணி கடித்தது என்று சொல்லுங்கள். லைம் நோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் சரியாகிவிடும்.

மதியத்துக்குமேல் கிளம்புவது

டிசம்பரில் நாலு மணிக்குச் சூரியன் போய்விடும், மரத்தடியில் அதற்கும் முன்னாலேயே. ஞாயிற்றுக்கிழமை பல கிராமங்களுக்குப் பேருந்தே ஓடாது. பப்பிலும் பல இடங்களில் மதியச் சமையல் சீக்கிரமே முடிந்துவிடும்.

போனில் பேச சிக்னல் கிடைக்கும் என்று இருப்பது

சரிவுக்குக் கீழே பல இடங்களில் கிடைக்காது. குரல் அழைப்புக்குப் போதாத சிக்னலிலும் ஒரு குறுஞ்செய்தி போய்விட வாய்ப்பு உண்டு. ஆனால் அவசர உதவி எண்ணான 999க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்பே பதிந்திருக்க வேண்டும். 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பினால் பதில் வரும், அதில் சொல்கிறபடி செய்யுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவே, வீட்டிலிருந்தே.