தாமஸ்வில்லுக்குப் பூ அனுப்பணுமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் தாமஸ்வில் மாதிரிச் சின்ன ஊருக்குப் பூ அனுப்புவதென்றால் (1922-லிருந்து ரோஜாக் கண்காட்சி நடக்கிற ஊர், அங்கே வாடிய ரோஜா போனால் மானம் போய்விடும்), கூகுளில் முதலில் வரும் பெரிய தளத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள், பல தளங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கடைக்குத்தான் ஆர்டரைத் தள்ளிவிடும், பூங்கொத்துதான் இளைக்கும். மேப்பில் கடை முகவரியைப் பார்த்துவிட்டு நேராகப் போன் போடுங்கள். "இன்றைக்கு எது புதுசு?" என்று கேளுங்கள். ஞாயிறு பல கடைகள் திறக்காது. மே இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம், அதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், பெறுபவரின் போன் நம்பர் கட்டாயம். அக்கா வீட்டில் இல்லாத நேரம் வாசலில் வைத்துவிட்டுப் போன என் ரோஜாக்கள், ஜூலை வெயிலில் சாயங்காலத்துக்குள் அவித்த கீரையாகிக் கிடந்தன.