பெருநகரில் நண்பர்களோடு சாப்பாடு: எங்கே சொதப்புகிறோம்?

மதியம் மூன்றரை மணி. எட்டுப் பேர் ஒரு உணவகத்தின் வாசலில் நிற்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். "கிச்சன் மூடியாச்சு, இனிமே ஆறரைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் ஒருவர். காலையிலிருந்து நடந்த கால்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்புறம் பக்கத்தில் திறந்திருந்த ஏதோ ஒரு கடையில் நின்றபடியே எதையோ வாங்கித் தின்றோம். என்ன தின்றோம் என்று எங்களில் ஒருவருக்கும் இன்று நினைவில்லை. அந்த வாசல் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

கடை மேல் குற்றமில்லை. எந்தக் கடைக்குப் போவது என்று மூன்று நாள் தேடிய நாங்கள், எத்தனை மணிக்குப் போவது என்று மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெளியூர்ச் சாப்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான், தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே.

"எதுவானாலும் ஓகே"

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான் என்பேன். குழுவில் ஒருவர் "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்பார். ஏழு பேர் "எனக்கு எதுவானாலும் ஓகே" என்பார்கள். பெருந்தன்மை மாதிரி தெரியும். ஆனால் முடிவெடுக்கும் பாரத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கும் வேலை அது.

இதைப் பற்றி 1974-இல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் எழுதியது ஒரு சாப்பாட்டுக் கதைதான். டெக்ஸாஸில் ஒரு கொளுத்தும் மதியம். ஹார்வியின் குடும்பத்தில் நான்கு பேரும் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். மாமனார் திடீரென்று, 53 மைல் தள்ளியிருக்கும் ஆபிலீன் நகருக்குப் போய்ச் சாப்பிடலாமா என்கிறார். மனைவி சரி என்கிறார். ஹார்வியும் சரி என்கிறார். மாமியாரும் தலையாட்டுகிறார். ஏசி இல்லாத காரில் புழுதியும் வெக்கையுமாகப் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் மெல்ல மெல்ல உண்மை வெளியே வருகிறது: நான்கு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை. பேச்சை எடுத்த மாமனாரே, மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்று நினைத்துத்தான் கேட்டாராம். இதற்கு ஆபிலீன் முரண் என்று பெயரே நிலைத்துவிட்டது.

நண்பர்கள் குழுவில் இது வாரம் ஒருமுறை நடக்கும். வெளியூரில் நேரமும் பணமும் கணக்காக இருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும். வழி சுலபம். ஒரு வேளைக்கு ஒருவர் பொறுப்பு. அவர் மூன்று இடங்களைச் சொல்லட்டும். மற்றவர்களிடம் "எது வேண்டும்?" என்று கேட்காமல் "எது வேண்டாம்?" என்று கேளுங்கள். வேண்டும் என்பதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட வேண்டாம் என்பதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வேளைக்கு வேறொருவர். அவர் தேர்ந்தெடுத்த இடம் சுமாராக இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. நாளைக்கு உங்கள் முறை.

நட்சத்திரத்தைப் பார்த்துப் போவது

மிஷெலின் நட்சத்திரத்தின் கதையே வேடிக்கையானது. உணவகங்களுக்கு அந்த நட்சத்திரத்தைக் கொடுக்கும் மிஷெலின் கையேட்டை 1900-இல் முதலில் வெளியிட்டது ஒரு டயர் நிறுவனம். ஆட்கள் காரில் ஊர் ஊராகப் போனால்தானே டயர் தேயும்! சாப்பாட்டுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது 1926-இல். இன்றுவரை நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். நாற்காலி வசதியா, எட்டுப் பேர் சத்தமாகச் சிரித்தால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பாரா என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. இணையத்தில் பயனர்கள் போடும் 4.7-க்கும் இதே கதிதான். தனியாக வந்து பத்து நிமிடத்தில் சாப்பிட்டுப் போனவரும் மதிப்பெண் போட்டிருப்பார், ஜோடியாக வந்தவரும் போட்டிருப்பார். உங்களுக்குத் தேவை கும்பலாக வந்தவர்கள் எழுதியது. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் குறிப்புகளைப் படியுங்கள். ஐந்து கொடுத்தவர் உற்சாகத்தில் எழுதுகிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் எழுதுகிறார். நடுவில் இருப்பவர்தான் "சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் பேசுவது காதில் விழவில்லை" என்று உருப்படியாகச் சொல்லுவார்.

நேர விஷயத்துக்கு வருகிறேன். வரைபடத்தில் "இரவு 10 வரை" என்று போட்டிருந்தால் அது கதவு மூடும் நேரம். அடுப்பு அதற்கு அரை மணி, சில இடங்களில் ஒரு மணி நேரம் முன்பே அணைந்துவிடும். கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று போனில் கேட்டுவிடுங்கள். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே பல சமையலறைகள் மூடிவிடும், வார விடுமுறையும் இடத்துக்கு இடம் மாறும். அப்புறம், நல்ல பசியில் இருக்கும் எட்டுப் பேரை "இதோ, நாலு கிலோமீட்டர்தான்" என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நெரிசல் நேரத்தில் நாலு கிலோமீட்டர் ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்குள் நட்பில் விரிசல் விட்டுவிடும். ஒரே நாளில் இரண்டு பெரிய விருந்து வைப்பதும் வேண்டாம். இரண்டாவது சாப்பாடு வயிற்றுக்குத் தண்டனை.

யார் பக்கத்தில் யார்

இதை யாருமே திட்டமிடுவதில்லை, எனக்கு அது ஆச்சரியம்தான். எட்டுப் பேருக்கு ஒரு நீள மேசை கிடைத்தால் ஏதோ சாதித்த மாதிரி உட்காருகிறோம். பத்து நிமிடத்தில் என்ன ஆகிறது என்று கவனித்துப் பாருங்கள். நடுவில் இருப்பவர்கள் ஒரு கதையில் இருப்பார்கள். இந்த முனையில் இரண்டு பேர் அலுவலக விஷயம் பேசுவார்கள். அந்த முனையில் ஒருவர், தூரத்தில் எல்லோரும் எதற்கோ சிரிப்பதைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்துவிட்டு, மெனு அட்டையை மறுபடியும் எடுத்துப் படிப்பார்.

அவர் கூச்ச சுபாவி என்பதால் அல்ல. ஒரே பேச்சில் ஏறக்குறைய நான்கு பேருக்கு மேல் நிற்பதில்லை, அதைத் தாண்டினால் பேச்சு தானாக இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்று உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995-இல் எழுதினார்கள். மனிதர்கள் இயல்பாகக் கூடிப் பேசுவதைக் கவனித்துக் கண்டது இது. ஆகவே எட்டுப் பேருக்கு ஒட்டினாற்போல் இரண்டு நான்கு பேர் மேசை கிடைத்தால் வருத்தப்படாதீர்கள், அது நல்லது. வட்ட மேசை கிடைத்தால் விடாதீர்கள். நீள மேசைதான் என்றால், முக்கிய உணவு முடிந்ததும் முனையில் இருப்பவர்கள் நடுவுக்கு வரட்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவது கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும். இருக்கட்டுமே.

சத்தமும் இதில் சேரும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இது பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் 1911-இல் விளக்கியது, இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஒரு மேசை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும், கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். வெற்றுச் சுவர், கண்ணாடி, கல் தரை இருக்கும் இடங்களில் ஒலி எதிரொலித்து இன்னும் மோசமாகும். புகைப்படத்தில் திரைச்சீலையோ மெத்தை இருக்கையோ தெரிகிறதா என்று பாருங்கள். கூட்டம் ஏறுவதற்கு முன்பே போய்ச் சுவரோர மேசை கேளுங்கள்.

ஆர்டரும் பில்லும்

சர்வர் வந்து வரிசையாகக் கேட்கும்போது, முன்னவர் சொன்னதையே தானும் சொல்லக் கூச்சப்பட்டு வேறெதையோ சொல்கிறோம். டான் ஏரியலியும் ஜோனதன் லெவாவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தனித்துத் தெரிவதற்காக மாற்றிச் சொன்னவர்களுக்குத் தங்கள் தேர்வில் திருப்தி குறைவாக இருந்தது. எனவே சர்வர் வருவதற்கு முன்பே மனதில் முடிவு செய்துவிட்டு, யார் என்ன சொன்னாலும் அதையே சொல்லுங்கள். அல்லது எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிருங்கள். எந்தப் பண்டமும் சாப்பிடச் சாப்பிட ருசி குறையும், வேறொன்றை வாயில் வைத்தால் ஆசை திரும்பும். பல தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. முதல் சுற்றில் பாதியை மட்டும் வரவழையுங்கள், போதாவிட்டால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம்.

ஒவ்வாமை இருப்பவர், ஒரு பொருளைத் தொடவே மாட்டேன் என்பவர் குழுவில் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சமையலறை சூட்டில் இருக்கும்போது சொன்னால் பதிலும் அவசரத்தில்தான் வரும்.

பில். "சமமாகப் பிரிச்சுக்கலாம்" என்பதைச் சாப்பிட்டு முடித்தபின் சொல்வது தவறு. பொருளியலாளர் யூரி நீஸியும் இரண்டு சகாக்களும் உண்மையான உணவகத்தில் நடத்தி 2004-இல் வெளியிட்ட சோதனையில், பில்லைச் சமமாகப் பிரிப்பதாக முன்பே தெரிந்த மேசைகள், அவரவர் காசு அவரவர் என்ற மேசைகளைவிட அதிகமாக ஆர்டர் செய்தன. ஆனால் எப்படிக் கொடுக்க விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகத்தான் என்றார்கள். குடிக்காதவர், அன்று வயிறு சரியில்லாமல் சூப்போடு நிறுத்திக்கொண்டவர், இந்த மாதம் கையைக் கடிக்கிறது என்று வெளியே சொல்லாதவர், இவர்கள் எல்லோரும் அந்த மேசையில் இருக்கிறார்கள். மெனுவைத் திறக்கும்போதே பேசிவிடுங்கள். டிப்ஸ் வைப்பதற்கு முன், பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

போனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆளுக்கு ஆறு படம் எடுத்து முடிப்பதற்குள் ஆவி பறந்த தட்டு ஆறிவிடும். ஒருவர் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினால் போதும்.

மிச்சத்தைக் கட்டி வாங்கினால், அறையில் ஃப்ரிட்ஜ் உண்டா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, வெயில் ஊரென்றால் ஒரு மணி நேரம்தான். கடைசி ரயிலோ பேருந்தோ எத்தனை மணிக்கு என்று பார்த்து, ஒருவர் மட்டும் தன் போனில் அலாரம் வைத்துவிடட்டும். மற்ற ஏழு பேரும் மணி பார்க்காமல் பேசலாம்.