திறப்பு விழா முடிந்த பிறகு: நகரம் கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறப் படி வைத்துக் கட்டியவர்கள், இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கப் படி வைத்திருக்கிறார்கள். சென்னையின் பழைய குடியிருப்புகளில் இப்படி எத்தனையோ வீடுகள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துவிட்டது. வீடு அங்கேயே நிற்கிறது. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் ஹாலுக்கு வரும். கையில் காசு இருப்பவர் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார். இல்லாதவர் பீரோவுக்கு அடியில் செங்கல் வைக்கிறார். பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகுதான் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு உத்தரவே போட வேண்டியிருந்தது.

சுரண்டாமல் விட்டதில் ஒப்பந்தத்தில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சம்தான் ஜாக்கிக்கும் செங்கலுக்கும் ஆன செலவாகத் திரும்பி வந்திருக்கிறது, வேறொருவர் தலையில். நகரங்கள் செய்கிற பெரிய தவறுகள் பலவும் இந்த ரகம்தான். செலவைக் குறைத்ததாகக் கணக்கு எழுதுவார்கள். உண்மையில் அதை யார் மீதாவது தள்ளிவிட்டிருப்பார்கள்.

மலிவான நிலத்தில் கட்டினால் மலிவான வீடு என்று நினைப்பது

2000-ஆம் ஆண்டு வாக்கில் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர் எழுந்தது. பதினைந்தாயிரத்துச் சொச்சம் வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு அடுக்குமாடிகளாகப் பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளிலும் நகரின் நடுவிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக.

அந்த நிலம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பினால், உபரி நீர் அந்தச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீரோடை வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். பல ஆயிரம் ஹெக்டேராகக் கிடந்த சதுப்பு அது. 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தபோது எல்லைக்குள் அகப்பட்டது சுமார் 1,248 ஹெக்டேர். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லி மக்களைத் தூக்கி, வெள்ளம் வந்து தேங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கிறோம். செம்மஞ்சேரியில் காவல் நிலையத்தையே தாமரைக்கேணி என்ற நீர்நிலையில் கட்டிவிட்டதாக வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

வீட்டின் விலையை மட்டும் பார்த்தால் இந்தத் திட்டம் சிக்கனம்தான். அதில் குடியிருப்பவரின் மாதக் கணக்கைப் பாருங்கள். மந்தைவெளியில் நாலு வீட்டு வேலைக்கு நடந்தே போய்வந்த ஒரு பெண்ணுக்கு இப்போது இரண்டு பஸ், போக வர மூன்று மணி நேரம். நாலு வீடு இரண்டாகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய ஆறுதல், ஆனால் நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். மாடி வீட்டுக்கு லிஃப்ட் வேண்டும், லிஃப்டுக்கு மின்சாரமும் பழுது பார்க்க ஆளும் வேண்டும். கட்டுகிற மதிப்பீட்டில் இதற்கென்று எந்தத் தொகையும் இருக்காது.

இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவதற்குத்தான் என் வாக்கு. நிலமதிப்பைக் காட்டி ‘கட்டுப்படியாகாது’ என்பார்கள். மேலே சொன்ன பஸ்ஸையும் லிஃப்டையும் போன வேலையையும் கூட்டிவிட்டு அப்புறம் பேசட்டும். ஆனால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் மட்டும் போதாது. புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் பழைய இடத்திலேயேதான் கட்டினார்கள். 2021 ஆகஸ்டில், கை வைத்தால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை ஊரே டிவியில் பார்த்தது.

(சொந்தக் காசில் மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்று மட்டும் போதாது, ஊர்ப் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல், ஏரி, மடுவு என்று முடிந்தால் பழைய வரைபடத்தைத் தேடுங்கள். பழைய ஆவணத்தில் ‘ஏரி உள்வாய்’, அதாவது ஏரியின் உட்பகுதி, என்று இருந்தால் வேறு விளக்கம் தேவையே இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கைக் காணோம்.)

வரியைத் தொடாமல் விட்டால் ஏழைக்கு நல்லது என்று நம்புவது

சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பிறகு இருபது வருஷம் சொத்துவரியை உயர்த்தவே இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி, கூடுதலாக வாங்கியதை அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் 2022-ல்தான் உயர்வு வந்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 150 சதவீதம். அதுவும், குறைந்தபட்ச வரிவிகிதத்தை அறிவித்தால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று, மத்திய நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக் குழு கை முறுக்கிய பிறகு.

24 வருஷம் வாடகையை ஏற்றாத வீட்டுக்காரரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதே வீட்டுக்கு அவர் கட்டிய வரி மட்டும் அங்கேயே நின்றது. சலுகையில் பெரும்பங்கு பெரிய வீட்டுக்குத்தான் போகும். குழாயில் தண்ணீர் வராத தெருவில் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கியவர், தன் பங்கு வரியைத் தண்ணீர் லாரியிடம் கட்டிக்கொண்டிருந்தார். ரசீது கிடையாது, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றினால் பால் விலை மாதிரி முணுமுணுப்போடு போய்விடும். இருபத்துநாலு வருஷத்தை ஒரே நாளில் ஏற்றினால் எந்த ஆட்சிக்கும் கை நடுங்கும். 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டபோது திட்டியவர்கள் நிறைய. எனக்கு அது சரியான பாதை என்றே படுகிறது, தெருவில் வேலை நடப்பது கண்ணில் தெரிகிறவரை.

தெரிந்தால் மக்கள் கொடுப்பார்கள் என்பதற்கு ஆலந்தூர் சாட்சி. அப்போது அது தனி நகராட்சி. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், சாக்கடை, கொசு. 1990-களின் கடைசியில் நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை, வசதி இல்லாதவர்களுக்குத் தவணை, மீதிக்குக் கடனும் மானியமும். குழாய் பதிக்கும் முன்பே பணம் கேட்கிறார்களே என்று சந்தேகப்பட்டவர்களைத் தெருத்தெருவாக உட்கார வைத்துப் பேசினார்கள். கணக்கைக் காட்டினார்கள். இணைப்பு வந்த பிறகு மாதக் கட்டணமும் உண்டு. பராமரிப்புக்குக் கையேந்த வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தை அந்தக் காலத்தில் வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பக்கத்து ஊர்கள் ஏன் இதையே செய்யவில்லை என்பது தனிக் கதை.

எல்லா மழைக்கும் ஒரே வடிகால்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அதற்குப் பிறகு கான்கிரீட் வடிகால்களுக்கு ஆயிரம் ஆயிரம் கோடியாகப் போயிருக்கிறது. பல இடங்களில் அவசியம்தான். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணற்பாங்கான தெருக்களிலும் அதே வடிகாலை இறக்க வந்தபோது, ‘இங்கே மணலே குடித்துவிடும், எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள்’ என்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வெள்ளம் வந்து நாலே வருஷத்தில், 2019 ஜூலையில், இதே ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே! தண்ணீரைத் துரத்த ஒரு கடன், திரும்ப வரவழைக்க இன்னொரு கடன்.

அகலச் சாலையே பாதுகாப்பான சாலை என்பது

இதில் சொல்ல அதிகமில்லை. சாலை அகலமானால் வண்டி வேகமாகப் போகும், 30 கி.மீ. வேகத்தில் இடித்தால் நடப்பவர் பெரும்பாலும் பிழைப்பார், 60-ல் அந்த நம்பிக்கை இல்லை. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. பாண்டி பஜாரில் அதன் சாயல் தெரிகிறது. அங்கிருந்து அடுத்த தெருவுக்குத் திரும்பினால் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர்.

கடனை வருமானமாக எண்ணுவது

2025 மே மாதம் சென்னை மாநகராட்சி முதன்முறையாகக் கடன் பத்திரம் வெளியிட்டு 200 கோடி ரூபாய் திரட்டியது. பத்திரிகைகளில் கொண்டாட்டமாக வந்த செய்தி. கடன் வாங்குவது தப்பில்லை. திருப்பிக் கட்ட எந்த வரவு என்பதை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். உங்கள் வார்டில் பகுதி சபை, அதாவது குடியிருப்போர் கூட்டம், கூடும்போது, புதுப் பூங்கா வேண்டும் என்று மனுக் கொடுக்கும் முன், போன பூங்காவின் தோட்டக்காரர் சம்பளம் எந்தத் தலைப்பில் போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த 200 கோடி எதற்குத் தெரியுமா? கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து அகற்ற. குப்பையைத் தரம் பிரிக்காமல் லாரி லாரியாக அங்கே கொண்டுபோய்க் கொட்டியபோது, அதைவிட மலிவான வழி இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.