பேரிங்கைக் கழற்றினால் செம்பழுப்புப் பொடியா? ஃப்ரெட்டிங் தேய்மானத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

மோட்டாரில் பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்ததும், அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஷாஃப்ட் மீது செம்பழுப்புப் பொடி தெரியும். தண்ணீர் இறங்கியிருக்கும் என்று துடைத்துவிட்டுப் புதுப் பேரிங்கை ஏற்றுவது பல பட்டறைகளில் வழக்கம். பொடியும் பின்னாலேயே வந்துவிடும்.

இறுக்கமாகப் பொருந்தியதாகத் தோன்றும் இரண்டு எஃகுப் பரப்புகள் அதிர்வினால் சில மைக்ரான் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்கின்றன. அந்த உரசலில் பரப்பின் நுண்ணிய மேடுகள் ஒட்டிப் பிய்கின்றன. பிய்ந்த துகள் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு ஆக்சைடாகி, வெளியேற வழியின்றி அங்கேயே கிடந்து அரைக்கிறது. இதுதான் ஃப்ரெட்டிங். 1911லேயே ஈடன், ரோஸ், கன்னிங்காம் ஆகியோர் சோதனை எந்திரத்தின் பிடிகளில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

படி 1: துடைக்காமல் பாருங்கள்

தண்ணீரால் வந்த துரு ஷாஃப்டின் திறந்த பகுதியிலும் இருக்கும். ஃப்ரெட்டிங் பொடி பேரிங் உட்கார்ந்த இடத்தோடு நின்றுவிடும். விரலில் தேய்த்தால் மாவுபோல் நைசாக இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபின் அடியில் மங்கலான, சிறு குழிகள் கொண்ட திட்டுகள் தெரியும். ஷாஃப்டைச் சுற்றி வளையமாகக் கீறல்கள் இருந்தால் பேரிங்கின் உள்வளையமே ஷாஃப்ட் மீது சுழன்றிருக்கிறது, நோய் முற்றிவிட்டது.

படி 2: அளவெடுங்கள்

வேலையின் உயிர் இங்கேதான். 25 மி.மீ. ஷாஃப்டுக்குக் கே5 பொருத்தம் (ஷாஃப்ட் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதற்கான தரக் குறியீடு) சொல்லப்பட்டிருந்தால் விட்டம் 25.002 முதல் 25.011 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அனுமதிக்கப்படும் மொத்த வித்தியாசமே 9 மைக்ரான்தான். வழக்கமான வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவு 20 மைக்ரான். அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். 0.001 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். ஷாஃப்ட் நன்றாக ஆறியிருக்கட்டும்: 10 டிகிரி சூடு கூடினாலே இந்த விட்டம் ஏறக்குறைய 3 மைக்ரான் பெருத்துவிடும்.

படி 3: முடிவெடுங்கள்

அளவு சரியாக இருந்தால் நைசான உப்புத்தாளால் மேடுகளை மட்டும் லேசாக எடுத்தால் போதும். குறைந்திருந்தால் சென்டர் பஞ்சால் புள்ளி குத்திப் பருமனாக்கும் பழைய வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். புள்ளிகளின் நுனி மட்டுமே வளையத்தைத் தொடும். சீக்கிரம் நசுங்கித் தளர்ந்து, உரசல் மறுபடி ஆரம்பிக்கும். உலோகம் ஏற்றி அளவுக்குக் கிரைண்டிங் செய்வது, அல்லது ஸ்லீவ் (ஷாஃப்ட் மீது ஏற்றும் மெல்லிய உலோகக் குழாய்) போடுவது சரியான வழி. ஷாஃப்டின் விட்டம் மாறும் படிக்கட்டு மூலையருகே குழிகள் இருந்தால் விரிசல் சோதனையும் அவசியம். களைப்பு முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் உடைவு, அங்கேதான் தொடங்கும்.

படி 4: ஏற்றுங்கள்

பேரிங்கைச் சுமார் 110 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றுங்கள், தீச்சுவாலை கூடாது. உட்காரும் இடத்தில் ஃப்ரெட்டிங் தடுப்புப் பசையை மெல்லியதாகத் தடவலாம். தளர்ந்த பொருத்தத்தை எந்தப் பசையும் இறுக்கிவிடாது.

கையிருப்பாக வைத்த மாற்று மோட்டாரை ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தால் அதிர்வு அதன் பேரிங்கையும் தின்னும். உருளைகள் நின்ற இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளம் விழும். வாரம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சுற்றி, முன்பு நின்ற நிலையிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.